பச்சைக் கம்பி

நான்காண்டுக்கு ஒருமுறை வருகிறவளை
எந்த வீடும் எதிர்பார்த்துக் காத்திருப்பதில்லை.
யுய் துறையில் இறால் படகுகள் கரையேறிய காலை,
அடையாள அட்டையை நீட்டி
வாசலில் காலணியைக் கழற்றினேன்.
"மின்சாரமா? நன்றாகத்தான் இருக்கிறது" என்றார் தாஷிரோ.
எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்,
அதற்குக் காய்ச்சலா என்று நான் விசாரித்ததுபோல.

ஃபூஜி ஆற்றுக்குக் கிழக்கே என் வீடு.
அங்கே நொடிக்கு ஐம்பது அலை.
பாலம் தாண்டினால் அறுபது.
ஆற்றுக்கு அது தெரியாது.
பழைய மோட்டார்களுக்குத் தெரியும்:
இக்கரையில் கொஞ்சம் அவசரமாகச் சுழலும்.

கதவுக்கு மேலே பெட்டி.
முக்காலியில் ஏறி, இடுக்கி மீட்டரின் வாயைத் திறந்து
வீட்டுக்குள் வரும் கம்பிகளை மொத்தமாகக் கவ்வக் கொடுத்தேன்.
போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும்
ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பூச்சியம் ஆக வேண்டும்.
கல்லாவை மூடும்போது கடைக்காரர்
பார்க்கிற அதே கணக்கு.
துண்டு விழுந்தால், விழுந்தது அத்தனையும்
எங்கோ, சுவரில், ஈரத்தில், ஓர் உடம்பில்
இறங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.
துண்டு விழவில்லை. முள் அசைந்தும் அசையாமலும்.
குறையில்லாத வீடு என்று எழுதப் பேனாவை எடுத்தேன்.

அப்போதுதான் கேட்டார், தயங்கி,
சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு:
"வாஷிங் மெஷினைத் தொட்டால் எனக்கு மட்டும்
விரல்நுனியில் எறும்பு ஊர்கிறது.
ரத்த ஓட்டம் என்றார் டாக்டர். மாத்திரை தந்தார்.
இரண்டு வருடமாகச் சாப்பிடுகிறேன்."
சமையலறையிலிருந்து அவர் மனைவி சிரித்தார்.
"நானும்தான் தினம் தொடுகிறேன். எனக்கு ஒன்றுமில்லையே."
நீல ரப்பர்ச் செருப்பு அணிந்திருந்தார்.

மெஷினுக்குப் பின்னால் டார்ச் அடித்தேன்.
தூசு, ஒற்றைக் காலுறை,
கடையிலிருந்து வந்த நாளில் சுற்றிய டேப் பிரியாமல்
சுருண்டு படுத்திருந்தது பச்சைக் கம்பி.
மண்ணுக்குப் போக வேண்டியது.
இரண்டடி மேலே சுவரில் அதற்கான திருகு,
மூடிகூடத் திறக்கப்படாமல்.

மீட்டர் பொய் சொல்லவில்லை.
கசிய வழியில்லை, கசியவில்லை, அவ்வளவுதான்.
தகரத்தின்மேல் ஏறி உட்கார்ந்து
யாராவது வெறுங்காலோடு வரட்டும் என்றிருந்தது.

எழுதி வைத்துவிட்டுக் கிளம்பலாம். யாரும் கேட்கமாட்டார்கள்.
மெயினை அணைத்து டேப்பைப் பிரித்தேன்.
செம்பு இன்னும் புதுசாக மின்னியது.
திருகை மூன்று சுற்று முறுக்கி
மறுபடி போட்டேன்.

டப்.

வீடு இருண்டது. ஃபிரிட்ஜ் பெருமூச்சு விட்டு நின்றது.
"பார்த்தீர்களா," தாஷிரோவின் குரல் ஏறியது,
"நன்றாக ஓடிக்கொண்டிருந்ததைக் கெடுத்துவிட்டீர்கள்."

எப்படிச் சொல்வது?
உங்கள் வீடு இன்றைக்குத்தான்
சரியாக வேலை செய்தது.
கணக்கு உதைப்பதைக் கண்டு, கண் இமைக்கும் முன்
ஒரு சின்ன நெம்புகோல் தானாக விழுந்தது.
இதுவரை அந்தக் கம்பியின் வேலையைப்
பார்த்து வந்தது உங்கள் கை.
உலர்ந்த கை, மரத்தரை, நூறே வோல்ட்.
குளித்த ஈரத்தோடு ஒருநாள்

சொல்லவில்லை.
மெஷினின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு
நெம்புகோலை ஏற்றினேன். விளக்குகள் வந்தன.
ஃபிரிட்ஜ் தன் அறுபதை மறுபடி முனகத் தொடங்கியது.
"மெஷின் கெட்டுவிட்டது. மாத்திரையைப் பற்றி
டாக்டரிடம் இன்னொரு முறை கேளுங்கள்."

உள்ளே துணி பாதி நனைந்து கிடந்தது.
வாளியில் அள்ளப் போன மனைவி நின்றார்.
குனிந்து தன் கால்களைப் பார்த்தார்.
வெகுநேரம் பார்த்தார்.
பிறகு ஒரு செருப்பைக் கழற்றி,
மற்றதையும் கழற்றி,
ஒன்றும் பேசாமல்
கணவர் பக்கம் காலாலேயே தள்ளிவிட்டார்.

அளவு பற்றவில்லை.
குதிகால் பாதி வெளியே நிற்க
அதிலேயே நின்றுகொண்டு
என் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.